கண்டறியப்பட்டோர்: இல்லை

சாலை முடியும் இடத்தில் அந்தச் சுகாதார நிலையம் இருந்தது. அதைத் தாண்டினால் மரம் அறுக்கும் ஆலை, ஆலைக்காரர்களின் தகரக்கூரை வீடுகள், பிறகு காடு. டாக்டர் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வருவார் என்று வாசல் சுவரில் எழுதியிருந்தார்கள். சில மாதங்களில் இரண்டாம் செவ்வாய்க்கிழமையே வருவதில்லை. மற்ற நாட்களில் டாக்டர், மருந்தாளர், எழுத்தர், பிரசவம் பார்ப்பவர் எல்லாம் ஒரே ஆள்தான், நாற்பத்திரண்டு வயது நர்ஸ் ஒருத்தி. ஊர் அவளை நர்ஸம்மா என்றது. அவளுக்குக் கீழே, பெருக்கித் துடைக்க ஒரு பெண்மணி இருந்தாள். ஈரத் தரையில் செருப்போடு வந்தால் டாக்டரையே வெளியில் நிறுத்திவிடுவாள் என்பதால் அவளுக்குக் கறாரக்கா என்று பெயர். யாருக்குக் கீழே யார் என்பது சம்பளப் பட்டியலுக்குத்தான் தெரியும்.

மாதக் கடைசியில் நர்ஸ் ஒரு படிவம் நிரப்பித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். காய்ச்சல் எத்தனை, பிரசவம் எத்தனை, பாம்புக்கடி எத்தனை. ஒன்பதாவது பத்தி, 'குடி மற்றும் போதைப் பழக்கத்துக்கு ஆளானோராகக் கண்டறியப்பட்டோர்.' ஏழு வருடமாக அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதிவந்தாள். ஆலையில் பாதிப் பேர் காலையிலேயே கை நடுங்கிக்கொண்டுதான் ரம்பத்தைத் தொடுவார்கள். அறுபட்ட கைகளைத் தைத்து அனுப்புவதே அவளுக்குப் பாதி வேலை. ஆனாலும் 'ஒருவர்' என்று எழுதினால் அடுத்த வாரமே மூன்று படிவங்கள் வந்து நிற்கும். எடுத்த நடவடிக்கை என்ன? எந்த மையத்துக்கு அனுப்பப்பட்டார்? அனுப்பவில்லையெனில் காரணம் யாது? அனுப்பக்கூடிய மையமோ நகரத்தில் இருந்தது. ஜீப்பில் கூட்டுச்சாலை வரை இரண்டு மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம். நடுக்கத்தோடு கிளம்பிய எவனும் கூட்டுச்சாலைச் சாராயக் கடையைத் தாண்டிப் போனதாகச் சரித்திரம் இல்லை.

'இல்லை' என்ற அந்தச் சொல் தலைமை அலுவலகத்துக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வரைபடத்தில் அந்தப் பகுதிக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். 'போதையற்ற பகுதி' என்று ஒரு சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்பினார்கள். குடித்துவிட்டு விழுந்து மண்டை உடைந்து வருகிறவர்களை அந்தச் சான்றிதழுக்கு நேர் கீழே உட்கார வைத்துத்தான் நர்ஸ் தையல் போடுவாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும்.

ஊருக்கெல்லாம் இப்படி 'இல்லை' எழுதிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நாள் முதுகு போயிற்று. கட்டை உருண்டு கால் முறிந்த ஒருவனை ஜீப்பில் ஏற்றும்போது, மறுபக்கம் பிடித்திருந்தவன் போதையில் கையை விட்டுவிட்டான். முழுப் பாரமும் அவள் இடுப்பில் இறங்கியது. விடுப்பு கேட்டாள். மாற்று ஆள் இல்லை என்று பதில் வந்தது. மருந்து அலமாரியில் வலி ஊசி இருந்தது. போட்டுக்கொண்டாள். ஐந்தே நிமிடத்தில் முதுகோடு சேர்த்துத் தலைமை அலுவலகம், படிவம், வராத டாக்டர் எல்லாமே லேசாகிப்போயின.

மூன்று வாரத்தில் முதுகு சரியாகிவிட்டது. ஊசி நிற்கவில்லை. இன்றோடு கடைசி என்று தினமும் சொல்லிக்கொண்டாள். இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே வார்த்தைகளை ஆலைக்காரர்கள் சொல்லக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தவள் அவள். தானே சொன்னபோது நம்பிவிட்டாள். அவர்கள் படிக்காதவர்கள், கண்டதைக் குடிக்கிறவர்கள். தான் அளவு தெரிந்தவள். புது ஊசி, சுத்தமான பஞ்சு. இதற்குப் பெயர் பழக்கமா?

ஊசி குறைந்தால் யாருக்குப் போட்டது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினாள். ஆரம்பத்தில் ஒருவருக்கு இடுப்புவலி, இன்னொருவருக்கு எலும்பு முறிவு என்று அக்கறையாகக் கற்பனை செய்தாள். போகப் போகக் கற்பனைக்கும் சோம்பல் வந்து எல்லோருக்கும் பல்வலி என்று போட்டுவிட்டாள். காலிக் குப்பிகளைக் குழியில் கொட்டி மூடுவது கறாரக்காவின் வேலை. குழி வேகமாக நிரம்பியது. ஒரு நாள் காலையில் அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து மேசைக்கு எதிரே நின்றாள்.

"நர்ஸம்மா, நம்ம பொக்கை மேஸ்திரிக்குப் பல்வலின்னு நாலு ஊசி எழுதியிருக்கீங்க."

"ஆமாக்கா. பாவம், துடிச்சுப் போயிட்டாரு."

"எந்தப் பல்லு?"

மேஸ்திரியின் கடைசிப் பல் போய் ஆறு வருடம் ஆகிறது. பிடுங்கியதே அவள்தான்.

"அவரு பல்வலிக்கு உங்க பாவாடையில ஏன் ரத்தப் பொட்டு? துவைக்கிறவ கண்ணுக்குத் தப்புமா?"

"வெளிய சொல்லிடாதீங்கக்கா."

"நான் யாருகிட்ட சொல்ல? புகார்னா உங்ககிட்டதான் கொடுக்கணும். இங்க அதிகாரி நீங்கதானே."

அன்று மாலையே நர்ஸ் தன் கணவனிடம் சொல்லிவிட்டாள். அவன் ஆலையில் ரம்பம் தீட்டுகிறவன். மனைவிக்கு டீயில் சர்க்கரைகூட ஆகாது என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ குடிக்கலேல்ல?" என்றான்.

"இல்ல."

"அப்பாடா. ஒரு நிமிஷம் உசுரே போயிடுச்சு. ஊசி மருந்துதானே? மருந்து உடம்புக்கு நல்லதுதானே?"

மறுநாள் அவள் ஊசி போடாமல் இருந்து பார்த்தாள். மத்தியானத்துக்குள் ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பெல்லாம் புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் யாரோ ரம்பம் தீட்டுவது போன்ற குடைச்சல். ஜலதோஷம் என்று நினைத்து அவன் வெந்நீர் போட்டுக் கொண்டுவந்தான். அதற்குள் அவள் எழுந்து போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து, தெளிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவன் டம்ளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அஞ்சு நிமிஷத்துல போற ஜலதோஷம் எதுவும் எனக்குத் தெரியாது. ஏதாவது பண்ணு" என்றான்.

போதை மறுவாழ்வுக்கு இலவச உதவி எண் ஒன்று இருந்தது. அதன் சுவரொட்டியை நிலையத்தில் ஒட்டியதும் அவள்தான். நிலையத்துத் தொலைபேசியிலிருந்து வெளியே பேச முடியாது. சிக்கனம் கருதி, வருகிற அழைப்பை மட்டும் வாங்கும்படி வைத்திருந்தார்கள். கைபேசிக்குத் தண்ணீர்த் தொட்டி உச்சியில் மட்டும்தான் சிக்னல். மறுநாள் காலை அவள் இரும்பு ஏணியைப் பிடித்து மேலே ஏறினாள். எண்களை அழுத்தி, இசை கேட்டு, மறுபடி அழுத்தி, கடைசியில் ஒரு பெண் குரல் கிடைத்தது.

"எந்தப் பகுதியிலேர்ந்து பேசறீங்கம்மா?"

சொன்னாள்.

"ஒரு நிமிஷம். உங்களுக்கு ரொம்பப் பக்கத்துலயே ஒரு நிலையம் இருக்கு. அங்க பயிற்சி பெற்ற நர்ஸ் இருக்காங்க. லைன்லயே இருங்க, இணைப்பு தரேன்."

நர்ஸ் வேண்டாம் என்று சொல்வதற்குள் கீழே நிலையத்தில் தொலைபேசி மணியடித்தது. ஜன்னல் வழியாகக் கறாரக்காவின் குரல் அவள் காதில் விழுந்தது. கைபேசியிலும் விழுந்தது.

"நர்ஸம்மா இல்லீங்க. தண்ணித் தொட்டி மேல ஏறியிருக்காங்க. ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்க்கா, வைங்க" என்று நர்ஸ் மேலேயிருந்தே கத்தினாள்.

மறுநாள் கிளம்பிவிட்டாள். அவசர வேலையாக வெளியூர் சென்றிருப்பதாக நிலையத்தின் கதவில் ஒரு காகிதம்.

நகரத்தில் போதை மீட்பு மையங்களுக்குப் பஞ்சமில்லை. பஸ் நிலையத்திலிருந்து அரசு மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்துக்குள் ஐந்து பலகைகள் பார்த்தாள். ஒன்றில் நீச்சல் குளம். ஒன்றில் ஒரு பெண் கண்ணை மூடிப் பாறை மேல் உட்கார்ந்திருந்தாள். விசாரிக்க நுழைந்த இடத்தில், "தோட்டம் பார்த்த ரூமா, குளம் பார்த்த ரூமா?" என்று இனிமையாகக் கேட்டார்கள். அவள் வாசல் பார்த்து நடந்தாள். அங்கே திருந்த நினைப்பவனுக்கு எதிரெதிரே ஐந்து கதவுகள். ஏழு மணி நேரம் தள்ளிப் பிறந்தவனுக்கு ஒரு சுவரொட்டி.

அரசு மையத்தின் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர் கடிகாரத்தைக் காட்டினார்.

"டோக்கன் பதினோரு மணியோட முடிஞ்சுது."

"பஸ்ஸே பதினொண்ணே முக்காலுக்குத்தாங்க வருது."

"அப்போ முதல் பஸ்ல வாங்க."

"அதுதாங்க முதல் பஸ்."

அவர் யோசித்தார். பொறுப்பான மனிதர். "அப்போ நேத்தே வந்திருக்கணும்" என்றார்.

அன்று ஒரு பெண்கள் விடுதியில் தங்கினாள். கைப்பையில் இரண்டு குப்பிகள் இருந்தன. சிகிச்சைக்கு வந்த இடத்தில் இதுவா என்று வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்றை உடைத்தாள். மறுநாள் எட்டரைக்கே ஜன்னல் முன் நின்றாள். இந்தத் தடவை டோக்கன் இருந்தது. ஆனால் உள்ளூர் சுகாதார நிலையத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டுமாம்.

"அந்த நிலையத்துல பொறுப்புல இருக்கிறதே நான்தாங்க."

"அட, அப்போ ரொம்பச் சுலபம். நீங்களே எழுதிக் கொடுங்க."

"என்னைப் பத்தி நானேவா?"

"படிவத்துல அப்படிக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே. முத்திரை கொண்டுவந்திருக்கீங்களா?"

முத்திரை ஏழு மணி நேரத் தொலைவில் மேசை இழுப்பறையில் இருந்தது.

திரும்பி வந்து எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியது, 'கடமை தவறாதவரும் பொறுப்புமிக்கவருமான இவர் கடும் முதுகுவலி காரணமாக' என்று ஆரம்பித்தது. படித்துப் பார்த்தால் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்வது போல இருந்தது. கிழித்துப்போட்டாள். அடுத்ததில் இரண்டே வரி. 'இவர் எட்டு மாதமாக நிலையத்தின் வலி ஊசியைத் திருடிப் போட்டுக்கொள்கிறார். தானாக நிறுத்த முடியவில்லை.' நோயாளி என்ற இடத்திலும் பரிந்துரைப்பவர் என்ற இடத்திலும் ஒரே பெயரை எழுதி முத்திரை குத்தினாள். ஏழு வருடத்தில் அந்த மேசையிலிருந்து புறப்பட்ட முதல் உண்மை அது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

"தள்ளி உக்காந்து அழுங்க. மை கலையப்போவுது" என்றாள் கறாரக்கா. சொல்லிவிட்டு அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு அழுது முடியும் வரை நின்றாள்.

இரண்டாம் பயணத்தில் டாக்டரைப் பார்க்க முடிந்தது. மைய டாக்டர் இளம் பெண். வெளியே எண்பது பேர் காத்திருக்க, பிஸ்கெட்டை மென்றுகொண்டே கடிதத்தைப் படித்தார். மெல்லுவது நின்றது. மறுபடி படித்தார்.

"இவ்வளவு நேர்மையான பரிந்துரைக் கடிதம் எனக்கு வந்ததே இல்ல. அட்மிட் பண்ணணும். ஆனா பெண்கள் வார்டு இன்னும் முன்மொழிவுல இருக்கு."

"எப்பலேர்ந்து டாக்டர்?"

"நான் பள்ளிக்கூடம் போறப்பலேர்ந்துன்னு நினைக்கிறேன். குடிக்கிற பொம்பளைங்க, ஊசி போடுற பொம்பளைங்க இந்தப் பக்கம் யாரும் கிடையாதுன்னு புள்ளிவிவரம் சொல்லுது. வார்டு இல்லாததால யாரும் வர்றதில்ல. யாரும் வராததால வார்டு இல்ல."

துணி அடுக்கும் அறையில் போர்வைக் கட்டுகளை ஒதுக்கி ஒரு கட்டில் போட்டார்கள். மூன்று நாள் அங்கே கிடந்தாள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடும் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் நாள் எலும்புக் குடைச்சல் அடங்கியது. மூன்றாம் நாள் பசித்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு சோற்றின் ருசி தெரிந்தது.

"இனிமே தினமும் இங்க வந்து எங்க முன்னாடி மாத்திரை போடணும்" என்றார் டாக்டர்.

"தினமும் ஏழு மணி நேரம் வந்து, ஏழு மணி நேரம் திரும்பிப் போகணும் டாக்டர்."

"அதுக்கும் விதி இருக்கு. தூரத்துல இருக்கிறவங்க பக்கத்து சுகாதார நிலையத்துல நர்ஸ் முன்னிலையில போட்டுக்கலாம். அந்த நர்ஸுக்கு நான் ஒரு கடிதம்..." அவர் நிறுத்தினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது டாக்டர்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "உங்க ஊர்ல நீங்க பயப்படுற ஆள் யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்காங்க."

"அலமாரிச் சாவியை அவங்ககிட்ட கொடுத்துடுங்க."

அன்று முதல் சாவி கறாரக்காவின் இடுப்பில் ஏறியது. தினமும் காலை எட்டு மணிக்கு வாசல் பெஞ்சில் நர்ஸ் உட்கார, கறாரக்கா எதிரே நின்று மாத்திரை கொடுப்பாள். "நாக்கைத் தூக்குங்க. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். இப்ப வாயை மூடுங்க, பேசக் கூடாது." பெஞ்ச் தெருவைப் பார்த்து இருந்தது. உள்ளே வைத்துக் கொடுக்கலாமே என்று நர்ஸ் கெஞ்சினாள். உள்ளே தரை ஈரமாக இருக்கிறது என்று பதில் வந்தது.

இரண்டே வாரத்தில் ஆலை முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலில் வந்தவர் பொக்கை மேஸ்திரி.

"எனக்குப் பல்வலின்னு எழுதினீங்களாமே?"

"தப்புதான் மேஸ்திரி. மன்னிச்சுடுங்க."

"மன்னிப்பு கெடக்கட்டும். எழுதினதுதான் எழுதினீங்க, இருக்கிற நோயை எழுதியிருக்கலாமில்ல?" அவர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் தாமாக ஆடின. "இதுக்கு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

அடுத்த நாள் பெஞ்சில் மூன்று பேர். அதற்கடுத்த வாரம் பெஞ்ச் போதவில்லை. குடிக்காதே என்று ஏழு வருடம் அவள் சொன்னபோது தலையாட்டிவிட்டுக் குடிக்கப் போனவர்கள்தான். நாக்கைத் தூக்கச் சொல்லித் திட்டு வாங்குகிறவளிடம் வந்து பேசினார்கள். அவளும் தொட்டி மேல் ஏறி மைய டாக்டரிடம் கேட்டுக் கேட்டு மருந்து கொடுத்தாள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடிய இரண்டு பேரைக் கடிதத்தோடும் முத்திரையோடும் நகரத்துக்கு அனுப்பினாள். ஒருவன் போய்ச் சேர்ந்தான். இன்னொருவன் கூட்டுச்சாலைக் கடையிலேயே கடிதத்தைத் தொலைத்துவிட்டு மறுநாள் ஜீப்பில் திரும்பி வந்தான். அந்த மாதப் படிவத்தில் ஒன்பதாவது பத்தியில் 'பதினான்கு' என்று எழுதினாள், தன்னையும் சேர்த்து.

கொள்ளைநோய் பரவியதுபோலத் தலைமை அலுவலகம் பதறியது. இத்தனை வருடம் யாரும் எட்டிப்பார்க்காத ஊருக்கு நாலே நாளில் மேலதிகாரி ஒருவர் வந்து இறங்கினார். பதிவேடுகளைப் புரட்டினார். நர்ஸ் தானே முன்வந்து, ஊசியைத் திருடியதையும் பொய்யாக எழுதியதையும் சொன்னாள்.

"பதிவேடு சரியா இருக்கேம்மா. வந்த ஊசி, போட்ட ஊசி, மீதி, எல்லாம் ஒத்துப்போகுது. அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் அவர். "பிரச்சினை ஒன்பதாம் பத்திதான். அடுத்த மாசம் பாராட்டு விழா. போதையற்ற பகுதிகளுக்குக் கேடயம் கொடுக்கிறாங்க. பதினாலை எடுத்துட்டுப் பழையபடி போட்டுடுங்க."

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்களே சார்."

"பெஞ்சை நான் பார்க்கல."

அவர் பார்த்தது சாவியை. மருந்து அலமாரிச் சாவி துப்புரவுப் பணியாளரின் இடுப்பில் இருந்ததற்கு விளக்கம் கேட்டு அங்கேயே ஒரு குறிப்பாணை எழுதினார். கறாரக்கா அதைக் கேட்டுக்கொண்டே அவர் காலடியைப் பார்த்தாள். "ஐயா, ஈரம் காயலை. செருப்பைக் கழட்டிட்டு எழுதுங்க" என்றாள். அவர் கழற்றினார்.

ஜீப் போனதும் நர்ஸ் மருந்து அலமாரி முன்னால் போய் நின்றாள். வேலை போய்விடும், பேர் நாறிவிடும் என்று என்னென்னவோ ஓடியது. நேரே கறாரக்காவிடம் போனாள்.

"சாவியைக் கொடுங்கக்கா. ஒரு தடவைதான்."

"மாட்டேன்."

"நான் அதிகாரியா சொல்றேன்."

"அதிகாரி இப்பதான் ஜீப்புல போறாரு. ஓடிப் போய்க் கேட்டுட்டு வாங்க."

நர்ஸ் வாய்க்கு வந்தபடி திட்டினாள். படிப்பில்லாதவள் என்றாள், இன்னும் மோசமாகவும் சொன்னாள். கறாரக்கா ஜன்னல்களைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த ஜன்னல்கள். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தாள்.

படிவத்தை அவள் திருத்தவில்லை. அடுத்த மாதம் 'பதினேழு' என்று எழுதினாள். ஆள் அனுப்பிச் சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவளை வேறிடத்துக்கு மாற்றும் உத்தரவு வந்தது. மாற்று ஆள் பொறுப்பேற்றவுடன் விடுவிக்கப்படுவார் என்று அதன் கடைசி வரி சொன்னது. முதுகு போனபோது கிடைக்காத மாற்று ஆள் தண்டனைக்கு மட்டும் கிடைத்துவிடுவாரா? உத்தரவு இன்றும் அமலில் இருக்கிறது, அவளும் அங்கேயே இருக்கிறாள்.

பதினேழு என்ற எண்ணால் இன்னொன்றும் நடந்தது. ஒரு நிலையத்தில் பத்து நோயாளிகளுக்கு மேல் பதிவானால் மாதம் ஒரு முறை அங்கே முகாம் நடத்த வேண்டும் என்று பழைய சுற்றறிக்கை ஒன்று இருந்ததாம். எங்கேயும் 'இல்லை' என்றே எழுதியதால் அதை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. மைய டாக்டர் அதைத் தேடியெடுத்து மேலே அனுப்பி, கையெழுத்து வாங்கிவிட்டார்.

முதல் முகாமுக்கு வந்து இறங்கும்போது மலை வளைவுகளில் வாந்தியெடுத்து டாக்டரின் முகம் வெளிறியிருந்தது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து நோயாளிகளின் கட்டிலில் படுத்தார்.

"இந்தப் பாதையிலயா உங்களைத் தினமும் வரச் சொன்னேன்?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"ஆமா டாக்டர்."

"நீங்க என்னைத் திட்டவே இல்லையே."

"அப்போ பழக்கமில்ல. இப்ப இங்க வந்து கத்துக்கிட்டேன்."

அரை மணி நேரம் கழித்து அவர் எழுந்து பட்டியலைப் பிரித்தார். பதினேழு பேரில் ஆறு பேர் பழக்கத்தை விட்டிருந்தார்கள். நாலு பேர் விட்டு, தொட்டு, மறுபடி விட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் வரவேயில்லை. மற்றவர்கள் பெஞ்சில் இருந்தார்கள், வாசனையோடு, ஆனால் இருந்தார்கள். நர்ஸ் ஒவ்வொருவராக உள்ளே அழைத்தாள், எடை பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள். ஐந்தாவது ஆள் போனதும் டாக்டர் நிமிராமலே, "அடுத்து யாரு?" என்றார்.

நர்ஸ் ரத்த அழுத்தக் கருவியைக் கறாரக்காவிடம் கொடுத்துவிட்டு, எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.